ரோமக் குடியரசு எந்தத் தேதியில் செத்தது?

ரோம வரலாறு படிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். குடியரசு பிறந்த வருடம் கி.மு. 509 என்று ரோமர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். பேரரசு தொடங்கிய வருடம் கி.மு. 27 என்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சரி, அந்த கி.மு. 27-இல் அப்படி என்னதான் நடந்தது? யாராவது முடிசூட்டிக்கொண்டார்களா? செனட்டைக் கலைத்தார்களா? தேர்தலை ரத்து செய்தார்களா? "இன்று முதல் குடியரசு கிடையாது" என்று யாராவது பறை அறைந்தார்களா?

ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால் நேர் எதிராகத்தான் நடந்தது. அந்த வருடம் ஜனவரியில் சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன் செனட்டுக்கு வந்து, தன் கையில் இருந்த விசேஷ அதிகாரங்களை எல்லாம் திருப்பித் தருவதாக அறிவித்தார். அடுத்த வருடமும் கான்சல்கள் பதவியேற்றார்கள், அதற்கடுத்த வருடமும். நடுவில் சில வருடங்கள் தவிர, கான்சல் பதவி கி.பி. 541 வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரம் வருடத்துக்கும் மேல்! கடைசியாக அந்தப் பதவியில் இருந்த தனிமனிதர் பசிலியஸ் பதவியேற்றது ரோமில்கூட இல்லை, கான்ஸ்டான்டினோபிளில்.

அப்படியென்றால் குடியரசு எப்போது செத்தது? இதற்கு விடை தேடப் போனால், ரோமர்களின் அரசாங்கம் எப்படி வேலை செய்தது, அது யாருக்காக வேலை செய்தது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாது.

ராஜா வேண்டாம்

கடைசி ராஜா டார்க்வினியஸைத் துரத்திவிட்ட பிறகு, இன்னொரு ராஜா வரக்கூடாது என்பதுதான் ரோமர்களின் ஒரே கவலை. அவர்கள் போட்ட கட்டுப்பாடுகளைப் பாருங்கள். ராஜாவின் அதிகாரத்தை இரண்டு கான்சல்களிடம் கொடுத்தார்கள். பதவிக்காலம் ஒரே வருடம். ஒருவர் செய்வதை மற்றவர் தடுத்து நிறுத்தலாம். கான்சலுக்கு முன்னால் 12 காவலர்கள் பிரம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நகரத்துக்கு வெளியே அந்தக் கட்டுக்குள் கோடாலி இருக்கும், நகர எல்லைக்குள் நுழைந்ததும் கோடாலியை எடுத்துவிடுவார்கள். ஊருக்குள் குடிமகனின் தலையை உன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்று அர்த்தம்.

கான்சலுக்குக் கீழே படிப்படியாகப் பதவிகள். கஜானாவைப் பார்க்க க்வெஸ்டர், சந்தை, தெரு, திருவிழா இவற்றைப் பார்க்க ஈடைல், நீதி வழங்க ப்ரீட்டர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சென்சார் என்று இருவர் வந்து மக்கள்தொகையையும் சொத்தையும் கணக்கெடுத்து, யார் எந்த வகுப்பு என்று எழுதுவார்கள்; ஒழுங்கில்லாத செனட்டரின் பெயரை அடித்தும் விடுவார்கள். இத்தனைக்கும் சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. வசதி உள்ளவன்தான் பதவிக்கு வரமுடியும் என்பது இதிலேயே அடங்கிவிட்டது.

பெரிய ஆபத்து வந்தால் சர்வாதிகாரி ஒருவரை நியமிக்கலாம், அதிகபட்சம் 6 மாதம். கி.மு. 180-இல் ஒரு சட்டம் போட்டு எந்தப் பதவிக்கு எத்தனை வயது என்பதையும் நிர்ணயித்தார்கள். பின்னாளில் கான்சலாக 42 வயது ஆகவேண்டும் என்று ஆனது.

செனட்? சட்டப்படி அது ஆலோசனை சபை மட்டும்தான். சட்டம் இயற்றும் அதிகாரம் மக்கள் சபைகளுக்கே. ஆனால் பதவியில் இருந்தவர்கள் எல்லாம் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் அது, சுமார் 300 பேர். ஒரு வருடம் மட்டும் கான்சலாக இருப்பவர், மிச்ச ஆயுளை யார் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்கப்போகிறாரோ அவர்களைப் பகைத்துக்கொள்வாரா? அதனால் செனட்டின் ஆலோசனை நடைமுறையில் உத்தரவு மாதிரியே ஆனது.

ஓட்டு எப்படி எண்ணப்பட்டது

"மக்கள் சபை" என்றதும் நம் ஊர்த் தேர்தல் மாதிரி நினைத்துவிடக்கூடாது. கான்சலைத் தேர்ந்தெடுத்த சபையில் மொத்தம் 193 தொகுதிகள். தொகுதிக்கு ஒரு ஓட்டு. இந்தத் தொகுதிகள் ஊர் வாரியாகப் பிரிக்கப்பட்டவை இல்லை, சொத்து வாரியாகப் பிரிக்கப்பட்டவை. குதிரைப்படை வைத்திருக்கும் வசதிக்காரர்களுக்கு 18, முதல் வகுப்புக்கு 80. கூட்டினால் 98. பாதிக்கு மேல் வேண்டுமானால் 97 போதும்! மேலே இருந்துதான் ஓட்டு எண்ணத் தொடங்குவார்கள். பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகுதி. அவர்களுடைய முறை பெரும்பாலும் வரவே வராது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் முதல் வகுப்பின் தொகுதிகளை 70 ஆகக் குறைத்து இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. எல்லாக் குடிமகனுக்கும் ஓட்டு உண்டு, எடைதான் வேறு வேறு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டே கிடையாது.

இதற்கு எதிராக ஏழைகளும், வசதி இருந்தும் குலப் பெருமை இல்லாதவர்களும் சேர்ந்து நடத்திய போராட்டம் சுமார் 200 வருடம் நீண்டது. பேட்ரீசியன் என்ற பழைய குலத்தார் ஒரு பக்கம், பிளெபியன் என்ற மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம். கி.மு. 494-இல் பிளெபியன்கள் ஊரைவிட்டே வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்று ரோமர்களின் மரபு சொல்கிறது. இன்றைய வார்த்தையில் சொன்னால் வேலைநிறுத்தம். அதில் கிடைத்ததுதான் டிரிப்யூன் என்ற பதவி.

டிரிப்யூன்தான் ரோம அரசியலின் விசித்திரமான கண்டுபிடிப்பு. அவரிடம் படை இல்லை, பிரம்புக் காவலர்கள் இல்லை. ஆனால் கான்சலே ஒரு உத்தரவு போட்டாலும் "தடுக்கிறேன்" என்று எழுந்து சொன்னால் அது நின்றுவிடும். அவர்மீது கைவைத்தால் தெய்வக் குற்றம். உதவி கேட்டு வருபவர்களுக்காக அவர் வீட்டுக் கதவு ராத்திரியும் பகலும் திறந்தே இருக்கவேண்டும். பிளெபியனாகப் பிறந்தவர் மட்டும்தான் டிரிப்யூன் ஆகமுடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கி.மு. 445-இல் இரண்டு பிரிவுக்கும் இடையே கல்யாணம் செல்லும் என்று ஆனது. கி.மு. 367-இல் பிளெபியன்களுக்குக் கான்சல் பதவி திறந்தது. கி.மு. 287-இல் பிளெபியன் சபை போடும் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றானது. காகிதத்தில் பார்த்தால் பிளெபியன்கள் முழுசாக ஜெயித்துவிட்டார்கள். நிஜத்தில் ஜெயித்தது பணக்காரப் பிளெபியன்கள். அவர்கள் பழைய குலத்தாரோடு சம்பந்தம் செய்துகொண்டு புதிய மேல்தட்டாக ஆனார்கள். ஏழைப் பிளெபியன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

ஊர் பெருத்தது

இந்த ஏற்பாடு ஒரு நகரத்துக்காகச் செய்யப்பட்டது. ஓட்டுப் போட வேண்டுமானால் ரோமுக்கு நேரில் வரவேண்டும். போருக்குப் போகிறவன் தன் சொந்த நிலத்தில் விளைந்ததை விற்று ஆயுதம் வாங்கிக்கொண்டு, வெயில் காலத்தில் சண்டை போட்டுவிட்டு அறுவடைக்கு வீடு திரும்பும் விவசாயி.

கி.மு. 264-இல் கார்த்தேஜுடன் போர் தொடங்கியது. கி.மு. 241-இல் சிசிலி கிடைத்தது, அதுதான் முதல் மாகாணம். கி.மு. 216-இல் கன்னேயில் ஹன்னிபலிடம் ரோமின் படை நாசமானது, இருந்தும் கி.மு. 201-இல் ரோம்தான் ஜெயித்தது. கி.மு. 146-இல் ஒரே வருடத்தில் கார்த்தேஜும் கொரிந்தும் தரைமட்டம். ஸ்பெயினிலும் கிரீஸிலும் போர் என்றால் விவசாயி அறுவடைக்கு எப்படித் திரும்புவான்? வருடக்கணக்கில் வெளியே இருந்தவன் திரும்பி வந்தபோது நிலம் தரிசாகவோ, கடனில் மூழ்கியோ கிடந்தது. பக்கத்தில் பெரிய பண்ணைகள் முளைத்திருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் அவனே போரில் பிடித்துக்கொடுத்த அடிமைகள். கி.மு. 167-இல் எபிரஸ் பகுதியில் மட்டும் 1,50,000 பேரை அடிமையாக விற்றார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே கி.மு. 167-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த கொள்ளைப் பணத்தால் கஜானா நிரம்பி, குடிமக்கள் மீதான நேரடி வரியையே நிறுத்திவிட்டார்கள். பணம் அந்த அளவுக்கு வந்தது. வந்த பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. செனட்டர்கள் பெரிய கப்பல் வைத்து வியாபாரம் செய்யக்கூடாது என்று கி.மு. 218-இலேயே சட்டம் இருந்தது; அதனால் அவர்கள் பணத்தை நிலத்தில் போட்டார்கள். வியாபாரத்தையும் மாகாணங்களில் வரி வசூலிக்கும் குத்தகையையும் ஈக்விட்டஸ் என்ற இன்னொரு பணக்கார வகுப்பு எடுத்துக்கொண்டது. குத்தகைப் பணத்தை அரசுக்கு முன்கூட்டியே கட்டிவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு கறக்க முடியுமோ கறப்பார்கள்.

கி.மு. 133-இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன், பொதுநிலத்தை யாரும் 500 யூகெராவுக்கு மேல் (சுமார் 300 ஏக்கர்) வைத்திருக்கக்கூடாது, மிச்சத்தை நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். கவனியுங்கள், தனியார் நிலத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. அரசாங்க நிலத்தை வளைத்துப் போட்டிருந்தவர்களிடமிருந்து திருப்பி வாங்கச் சொன்னார். இன்னொரு டிரிப்யூன் ஆக்டேவியஸ் அதைத் தடுத்தார். கிராக்கஸ், மக்கள் ஓட்டை வைத்து அந்த டிரிப்யூனையே பதவியிலிருந்து இறக்கினார். அதுவரை நடக்காத காரியம். அடுத்த வருடமும் டிரிப்யூனாக நிற்கப் போனபோது, செனட்டர்கள் ஒரு கும்பலோடு வந்து கிராக்கஸையும் சுமார் 300 பேரையும் அடித்தே கொன்றார்கள். பிணங்களை ஆற்றில் வீசினார்கள். முன்னால் நின்று நடத்தியவர் நாட்டின் தலைமைப் பூசாரி!

தெய்வக் குற்றம் என்றார்களே, அது என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. தம்பி கையஸ் கிராக்கஸும் கி.மு. 121-இல் அதே வழியில் போனார்.

படை யாருடையது

நிலம் உள்ளவன் குறைந்துகொண்டே வந்தால் படைக்கு ஆள் எங்கிருந்து வரும்? கி.மு. 107-இல் கான்சல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். அந்த நேரத்து நெருக்கடிக்கு அது சரியான தீர்வு. ஆனால் இந்தப் புதிய சிப்பாய்க்குத் திரும்பிப்போக நிலம் இல்லை. போர் முடிந்ததும் அவனுக்கு யாராவது நிலம் தரவேண்டும். அரசு தருமா? ஓய்வுபெறும் சிப்பாய்க்கு என்ன தரவேண்டும் என்று ரோமக் குடியரசில் நிரந்தரமான விதியே கிடையாது. ஒவ்வொரு முறையும் தளபதி செனட்டோடு மல்லுக்கட்டி வாங்கித் தரவேண்டும். அப்போது சிப்பாய் யாருக்கு விசுவாசமாக இருப்பான்?

கி.மு. 88-இல் அதற்கு விடை கிடைத்தது. தளபதி சுல்லா தன் படையோடு ரோமுக்குள்ளேயே நுழைந்தார். கி.மு. 82-இல் இரண்டாவது தடவை நுழைந்து, கொல்லப்படவேண்டியவர்களின் பட்டியலைச் சந்தையில் ஒட்டினார். காலவரம்பே இல்லாத சர்வாதிகாரியாக ஆனார். அவர் செனட்டின் ஆள். டிரிப்யூன்களின் அதிகாரத்தைப் பிடுங்கி, செனட்டைப் பலப்படுத்தி, பிறகு தானாகவே பதவி விலகினார். சட்டத்தை எல்லாம் சரிசெய்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். ஆனால் எல்லோர் மனதிலும் பதிந்தது ஒன்றுதான்: படை இருந்தால் ரோமைப் பிடிக்கலாம்.

அடுத்து பாம்பே. அதற்கு முன் தேர்தலில் நின்று ஒரு பதவிகூட வகிக்காமல் கி.மு. 70-இல் 35 வயதில் நேராகக் கான்சல். கி.மு. 62-இல் கிழக்கு முழுவதையும் ஜெயித்துவிட்டு இத்தாலிக்கு வந்து இறங்கியவர், எல்லோரும் பயந்ததற்கு மாறாகப் படையைக் கலைத்து அனுப்பிவிட்டார். சட்டத்தை மதித்த அந்த மனிதருக்கு செனட் என்ன செய்தது? அவருடைய சிப்பாய்களுக்கு நிலம் தருவதை இழுத்தடித்தது. வேறு வழியில்லாமல் அவர் சீசரோடும் கிராஸஸோடும் கைகோத்தார். கி.மு. 59-இல் சீசர் கான்சல் ஆனதும் நிலச் சட்டத்தை அடிதடியோடு நிறைவேற்றினார். உடன் கான்சல் பிபுலஸ் தடுக்க வந்தபோது அடித்துத் துரத்தப்பட்டார். மீதி வருடம் முழுக்க வீட்டுக்குள் இருந்தபடி "வானத்தில் சகுனம் சரியில்லை" என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் ஜூலியஸ் ஒருவர், சீசர் ஒருவர் என்று இரண்டு கான்சல்கள் ஆளுகிறார்கள் என ஊரே கேலி பேசியது. ஒருவரை ஒருவர் தடுப்பது என்ற 509-ஆம் வருடத்து ஏற்பாடு கேலிப்பொருளாகிவிட்டது.

கி.மு. 49-இல் சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, டிரிப்யூன்களின் உரிமையைக் காப்பாற்ற வந்தேன் என்பது. கி.மு. 44-இல் நிரந்தர சர்வாதிகாரி ஆனார், மார்ச் 15-இல் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் குடியரசு தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார்கள். அதே வருடம் ஆண்டனி ஒரு சட்டம் கொண்டுவந்து சர்வாதிகாரி பதவியையே ஒழித்தார். ஆபத்து அந்தப் பதவியில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த வருடமே ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் மூவரும் "குடியரசைச் சீரமைக்கும் மூவர்" என்ற பெயரில் அதே அதிகாரத்தைச் சட்டப்படி எடுத்துக்கொண்டார்கள். கொலைப் பட்டியல் மறுபடியும் ஒட்டப்பட்டது. அதில் சிசரோ பெயரும் இருந்தது.

பதவி வேறு, அதிகாரம் வேறு

கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றார். ஆக்டேவியன் மட்டும் மிச்சம். சீசர் எப்படிச் செத்தார் என்பதை நன்றாகப் பார்த்தவர் அவர்.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டத்தில் ஒருவருடைய பதவி என்ன என்று பார்க்கமாட்டோம். அவருடைய கணக்குக்கு என்னென்ன பர்மிஷன் கொடுத்திருக்கிறது என்று பார்ப்போம். பதவிப் பெயர் "பார்வையாளர்" என்று இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாவற்றையும் அழிக்கும் அனுமதி இருக்கும். அகஸ்டஸ் என்ற புதுப்பெயரோடு ஆக்டேவியன் செய்த வேலையை இந்தக் கண்ணோடு பார்த்தால் சட்டென்று புரியும்.

கி.மு. 27-இல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார் இல்லையா? உடனே செனட், அமைதியில்லாத சில மாகாணங்களை மட்டும் 10 வருடத்துக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தது. அமைதியில்லாத மாகாணங்களில்தான் படைகள் இருந்தன! பெரும்பாலான லீஜன்கள் அவரிடம் வந்துவிட்டன. எகிப்துக்கு செனட்டர் ஒருவர் அவருடைய அனுமதியின்றிக் கால் வைக்கவே முடியாது.

கி.மு. 23 வரை வருடா வருடம் கான்சலாகவும் இருந்தார். இது கண்ணை உறுத்தியது. மேல்தட்டுக் குடும்பங்களுக்கும் கான்சல் பதவி வேண்டுமே. அந்த வருடம் அவர் கான்சல் பதவியை விட்டார். பதிலுக்கு வாங்கியது இரண்டு. ஒன்று, மற்ற மாகாண ஆளுநர்களுக்கும் மேலான கட்டளை அதிகாரம். இன்னொன்று, டிரிப்யூனின் அதிகாரம், ஆயுளுக்கும்.

இங்கேதான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயம் வருகிறது. தத்து மூலம் அவர் பேட்ரீசியன் குடும்பத்தைச் சேர்ந்தவர். டிரிப்யூனாக ஆகவே முடியாது. அவர் ஆகவும் இல்லை. அந்தப் பதவிக்கு வருடா வருடம் வேறு பத்துப் பேர் வந்தார்கள். பதவியை விட்டுவிட்டு அதன் அதிகாரத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டார். தடுக்கும் உரிமை, செனட்டைக் கூட்டும் உரிமை, மேலே கைவைத்தால் தெய்வக் குற்றம் என்ற பாதுகாப்பு எல்லாம் கிடைத்தது. பதவியில் இல்லாததால் பதவிக்காலமும் இல்லை, சக டிரிப்யூன் என்று தடுக்க ஆளும் இல்லை. ஒரு வருடம், இரண்டு பேர், குறைந்தபட்ச வயது என்று ரோமர்கள் போட்ட பூட்டுகள் எல்லாமே பதவியின் மேல் போடப்பட்டவை. அதிகாரத்தைப் பதவியிலிருந்து பிரித்துவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

கி.மு. 22-இல் உணவுப் பஞ்சம். மக்கள் கூட்டம் சர்வாதிகாரி ஆகச் சொல்லி அவரை வற்புறுத்தியது. மறுத்துவிட்டார். அவருக்கு எதற்கு அது? தன் வாழ்க்கைச் சாதனைகளைப் பட்டியலிட்டு அவர் எழுதிய ஆவணத்தில், உடன் பதவியில் இருந்தவர்களைவிடத் தனக்கு அதிக அதிகாரம் இருந்ததில்லை, மதிப்பு மட்டுமே அதிகம் என்று சொல்லிக்கொள்கிறார். ஒவ்வொரு பதவியாக எடுத்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. கூட்டிப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பாசாங்குக்கு ஒரு சாட்சி நம் ஊர் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைக்கும் ரோம வெள்ளிக்காசுகளில் அதிகம் காணப்படும் வகைகளில் ஒன்று அகஸ்டஸ் காசு. ஒரு பக்கம் அவர் தலை. இன்னொரு பக்கம் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்கும் இரண்டு பையன்கள், கையஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரன்கள், மகன்களாகத் தத்தெடுக்கப்பட்டவர்கள். காசில் "இளவரசர்கள்" என்றா எழுதியிருக்கிறது? "அகஸ்டஸின் மகன்கள், கான்சலாகத் தேர்வானவர்கள், இளைஞர்களின் தலைவர்கள்" என்று இருக்கிறது. கையஸைக் கான்சலாகத் தேர்வு செய்து வைத்தபோது வயது 14. கான்சல் ஆக 42 வயது வேண்டும் என்று இருந்த ஊரில்! மிளகு வாங்க வந்த காசு, ஒரு ராஜ வம்சத்தைக் குடியரசின் வார்த்தைகளில் அறிமுகம் செய்துகொண்டு வந்திருக்கிறது.

ஏன் யாரும் எதிர்க்கவில்லை

ரோமர்கள் முட்டாள்கள் இல்லை. செனட்டர்களுக்கு எல்லாம் தெரியும். மக்களுக்கும் தெரியும். பிறகு ஏன் சும்மா இருந்தார்கள்? போரால் ஏற்பட்ட சலிப்பு ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு.

கி.மு. 133-இல் செனட் எதைத் தர மறுத்துக் கொலை வரைக்கும் போனதோ, அதை அகஸ்டஸ் கொடுத்தார். சிப்பாய்களுக்கு நிலம் வாங்க இத்தாலியில் 60 கோடி செஸ்டர்ஸும், மாகாணங்களில் 26 கோடி செஸ்டர்ஸும் செலவழித்ததாக அவரே கணக்கு எழுதியிருக்கிறார். ஒரு சாதாரண சிப்பாயின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கி.பி. 6-இல் படைக்கென்றே தனி கஜானா தொடங்கினார். முதல் போட அவர் கையிலிருந்து 17 கோடி; தொடர்ந்து நடத்த, பரம்பரைச் சொத்து மேல் 5 சதவீத வரி, ஏல விற்பனை மேல் 1 சதவீத வரி. சேவை முடித்த சிப்பாய்க்கு 12,000 செஸ்டர்ஸ் என்று விதி ஆனது. பரம்பரைச் சொத்து வரியை செனட்டர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டினார்கள்.

நூற்றுச்சொச்சம் வருடமாக ரோமைக் கிழித்த பிரச்சினைக்கு இவ்வளவு எளிமையான தீர்வு. செனட்டால் இதை எப்போது வேண்டுமானாலும் செய்திருக்க முடியும். தங்கள் நிலத்தில் கொஞ்சம் போகும், தங்கள் சொத்துக்கு வரி வரும் என்பதற்காகச் செய்யவில்லை. அதைச் செய்ய ஒரு தனிமனிதர் வந்தபோது, அவர் கேட்ட விலை குடியரசு. கொடுக்கக் கூடாது என்று நினைக்க ஏழைக்கும் சிப்பாய்க்கும் என்ன காரணம் இருந்தது? முறை வராத ஓட்டையா காப்பாற்றுவான்?

இது வெறும் ஊகம் இல்லை. கி.பி. 41 ஜனவரி 24-இல் கலிகுலா கொல்லப்பட்டார். அகஸ்டஸ் இறந்து 26 வருடம் ஆகியிருந்தது. வாரிசு என்று யாரும் இல்லை. கான்சல்கள் செனட்டைக் கூட்டினார்கள், குடியரசைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று உண்மையிலேயே விவாதித்தார்கள். அன்றிரவு காவலர்களுக்குச் சங்கேதச் சொல் கொடுத்தது கான்சல்கள். அவர்கள் கொடுத்த சொல் "சுதந்திரம்". ஒரு குடியரசுக்கு வேண்டிய எல்லாமே அன்று இருந்தன. கான்சல்கள் இருந்தார்கள், செனட் இருந்தது, டிரிப்யூன்கள் இருந்தார்கள். சட்டப்படி எதுவுமே ஒழிக்கப்படவில்லை என்பதால் புதிதாக எதையும் உருவாக்கவேண்டிய அவசியமே இல்லை. தடுக்க ஒரு பேரரசரும் இல்லை.

ஆனால் காவல்படை அரண்மனையில் ஒளிந்திருந்த கிளாடியஸைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போனது. அவர் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தார். மக்கள்? அவர்களும் தங்களுக்கு ஒரே ஆட்சியாளர் வேண்டும் என்று வெளியே கூச்சல் போட்டார்கள். செனட்டர்களின் பேராசைக்குக் கடிவாளம் போட ஒரு பேரரசர் தேவை என்று அவர்கள் நினைத்ததாக ஜோசிபஸ் எழுதுகிறார். மறுநாளே செனட் பணிந்தது.

சுமார் 30 வருடம் கழித்து, வெஸ்பேசியன் பதவிக்கு வந்தபோது போட்ட சட்டத்தின் ஒரு பகுதி வெண்கலத் தகட்டில் இன்றும் இருக்கிறது, ரோமில் கேபிடலைன் அருங்காட்சியகத்தில். யாரோடு வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்யலாம், செனட்டைக் கூட்டலாம், நாட்டுக்கு நல்லது என்று தான் கருதும் எதையும் செய்யலாம் என்று வரிசையாக அனுமதிகள். பலவற்றுக்கு முன்னுதாரணமாக அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் பெயர்கள். கலிகுலாவும் நீரோவும் கவனமாக விடப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அவர் செய்தவையும், மக்களின் ஆணைப்படி செய்தவையாகவே கருதப்படும் என்று ஒரு பிரிவு. அப்போதும் மக்களின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது!

ஆகவே தேதி கேட்டால், நான் கி.மு. 27-ஐச் சொல்லமாட்டேன். அன்று குடியரசு நோயாளியாகக் கிடந்தது, அவ்வளவுதான். என் கணக்கில் அது செத்தது கி.பி. 41 ஜனவரி 25. கதவு திறந்து கிடந்த அந்த ஒரு நாளில், உள்ளே போய் உட்கார செனட்டர்களைத் தவிர வேறு யாருக்கும் விருப்பம் இல்லை. அந்த விருப்பம் எப்போது போனது என்று கேட்டால், அதற்கு இன்னும் பழைய தேதி ஒன்று இருக்கிறது: நிலம் கேட்ட டிரிப்யூனின் உடலை டைபர் ஆற்றில் வீசிய கி.மு. 133.